தோல் ஜெர்கினும் எட்டு முழ வேஷ்டியும்

இந்த வாரம் சொல்லப்போகும் சம்பவத்துக்கு முன் நான் எந்த நிலையில் இருந்தேன் என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன். பின்னால் நடந்ததை வைத்தே என்னை அளந்துவிடப் பலர் ஆவலாக இருக்கிறார்கள். திருச்சியில் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பௌதிகம் கற்பித்து, துறைத் தலைவராக ஓய்வு பெற்றவன் நான். என் தனிப் பாடம் வெப்பவியல். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு மூன்று முறை போட்டியின்றித் தலைவர். போட்டியிட எவரும் முன்வராததற்குக் காரணம் மரியாதை என்றே நான் கொண்டிருக்கிறேன்.

அத்தகையவன் ஒரு நாள் முற்பகலில், அரியமங்கலத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில், ஐஸ்கிரீம் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். மேலே கறுப்புத் தோல் ஜெர்கின். கீழே எட்டு முழ வேஷ்டி. நெற்றியில் திருமண். வெளியே வெயில் முப்பத்தாறு டிகிரி. உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே இருபது.

நின்றதற்குக் காரணம் உண்டு. காரணமில்லாமல் நான் எங்கும் நிற்பவன் அல்லன்.

மகள் வைத்த பரீட்சை

என் ஒரே மகள் வேதா கனடாவில் வின்னிபெக் என்ற ஊரில் இருக்கிறாள். மனிதர் குடியேற உலகில் எத்தனையோ இடங்கள் இருக்க, மூச்சு விட்டால் மூக்கிலுள்ள ஈரம் உறைந்துபோகும் ஊரை என் மாப்பிள்ளை தேர்ந்தெடுத்தார். அவர் நிர்வாகவியல் படித்தவர்.

திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் கழித்து அவளுக்குப் பிள்ளைப்பேறு வாய்த்தது. மார்கழிக் கடைசியிலோ தைப் பிறப்பிலோ குழந்தை பிறக்கும் என்றார்கள். என் மனைவி கோமளா புரட்டாசியிலேயே கிளம்பிப் போய்விட்டாள். மார்கழியில் நானும் வருகிறேன் என்று தொலைபேசியில் அறிவித்தேன். எதிர்முனையில் மகிழ்ச்சி ஆரவாரம் எதுவும் கேட்கவில்லை.

"அப்பா, நீங்கோ வர வேண்டாம்" என்றாள் வேதா.

"ஏன்?"

"போன வருஷம் இளைப்பு வந்து மூணு நாள் ஆஸ்பத்திரில கிடந்தேள். ஞாபகம் இருக்கோல்லியோ?"

"அது தூசி."

"ஸ்ரீரங்கத்து மார்கழிக்கே தூசின்னா இங்க என்ன சொல்லுவேள்? மைனஸ் முப்பதுப்பா. நீங்கோ படுத்துண்டா அம்மா உங்களைப் பாப்பாளா, என்னைப் பாப்பாளா?"

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லிப் பழக்கமில்லாததால், நான் வெப்பவியல் கற்பித்தவன் என்பதை நினைவூட்டினேன்.

"போர்டுலதானே எடுத்தேள். மைனஸ் இருபதுல இருபது நிமிஷம் நின்னு காட்டுங்கோ. டிக்கெட்டை நானே போடறேன்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் நாட்காட்டியில் குறித்துக்கொண்டேன். பரீட்சை எனக்குப் புதிதன்று, இருபுறமும் உட்கார்ந்து பழக்கம்.

எங்கள் ஊர்க் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. மார்கழி பிறந்தால் ஸ்ரீரங்கத்து ஆடவர் காதை மப்ளரால் சுற்றி, தலையில் குரங்குக் குல்லாய் மாட்டி, இமயத்துக்குப் படையெடுப்பவர்கள் போலக் காப்பிக்கடைக்குப் போவார்கள். வெப்பநிலை அப்போது இருபதுக்கு மேல்தான் இருக்கும். "காவிரிக் காத்து ஓய், எலும்பைத் துளைக்கறது" என்பார்கள். அவர்களை நான் பல ஆண்டுகள் ஏளனம் செய்திருக்கிறேன், என் மப்ளருக்குள்ளிருந்தபடி.

இறகா, தோலா

வேதா சில குளிராடைகளின் படங்களை அனுப்பினாள். உள்ளே வாத்து இறகு அடைத்தவை. காற்றடித்த மெத்தைக்குக் கையும் கழுத்தும் முளைத்தாற்போல இருந்தன. எழுபத்திரண்டு வயதில் நான் மெத்தையாக விரும்பவில்லை. தோல் காற்றைத் தடுக்கும், உருவத்தையும் காப்பாற்றும். எனவே தோல் என்று தீர்மானித்தேன்.

தீர்மானிப்பது சுலபம். எங்கள் சங்கத்து பஜனை மண்டப வாசலில் 'தோல் பொருள்களுடன் உள்ளே வரலாகாது' என்று ஒரு பலகை இருக்கிறது. வாசகம் என்னுடையது. ஒருமுறை சொற்பொழிவாற்ற வந்த இதய மருத்துவர் ஒருவரின் இடுப்புப் பெல்ட்டை நானே கேட்டு வாங்கி வெளியே வைத்தேன். அவர் ஒரு கையால் மைக்கையும் மறு கையால் பேன்ட்டையும் பற்றிக்கொண்டு பேசினார். ஒரு மணி நேரப் பேச்சு இருபது நிமிடத்தில் முடிந்தது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

எங்கள் சங்கச் செயலாளர் வரதன் எனக்கு அடுத்த வீடு. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறர் வீட்டுச் செய்திகளை வட்டியோடு திருப்பித் தரும் பழக்கம் அவரை இன்னும் விடவில்லை. நான் ஜெர்கின் விசாரிப்பது அவருக்கு எப்படியோ எட்டியது.

"தேவரீர் தோல் தரிக்கப்போறதா கேள்விப்பட்டேன்" என்றார், வாசலில் நின்றபடி.

"உபநயனத்தன்று உம் பூணூலில் எதை முடிந்தார்கள்?" என்று கேட்டேன்.

"மான்தோல்."

"பஜனையில் உம் மைத்துனர் வாசிக்கும் மிருதங்கத்தில் இருப்பது?"

"அது வேற, ஸ்வாமி."

"எப்படி வேறு?"

"அதெல்லாம் சாஸ்திரம். இது ஃபேஷன்."

பூஜைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி உள்ளே போனேன். அதை அவர் நம்பியிருப்பார் என நம்புகிறேன். பூஜை அன்று காலையிலேயே முடிந்திருந்தது.

கோமளா வின்னிபெக்கிலிருந்தே, தொலைபேசியில், வழக்கை முடித்துவைத்தாள். "ஏன்னா, வாங்குங்கோ, போட்டுக்கோங்கோ. ஆத்துக்குள்ள மட்டும் கொண்டு வரப்படாது."

பாலக்கரையில் ஒரு நிலைக்கண்ணாடி

பாலக்கரைச் சந்து ஒன்றில் கமால் பாய் கடை வைத்திருக்கிறார். வெளிநாட்டுக்குத் தைத்து, வாங்கியவர்கள் சிறு குறை கண்டு ஒதுக்கிய தோலாடைகள் அங்கே தொங்கும். அவர் தகப்பனார் செம்பட்டு என்ற ஊரில் தோல் பதனிட்டவர். பாய்க்கு என் வயதுதான் இருக்கும், என்னைவிட நிதானமானவர்.

"வாங்க சாமி. எந்த ஊருக்கு?"

"கனடா."

நான் கையில் எடுத்திருந்த மெல்லிய ஜெர்கினை மரியாதையாக வாங்கிக் கொக்கியில் மாட்டினார். "ஊட்டின்னா இது போதும். கனடாவுல இது சட்டை."

உள்ளேயிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்து மேசைமீது போட்டார். மேசை முனகியது. வெளிப்புறம் செம்மறித் தோல், உட்புறம் அதே ஆட்டின் ரோமம், நெருக்கமாக வெட்டியது.

"கையை வெச்சுப் பாருங்க. ஒட்டுன ரோமம் இல்ல சாமி, தோலோட வளந்தது. இழுத்தா வராது. ஜிப்புக்குப் பின்னால இந்தப் பட்டி இருக்கு பாருங்க, காத்து ஜிப் பல்லு வழியாத்தான் நுழையும். காலர் தூக்கி விட்டா காது மூடணும். இடுப்புக்குக் கீழ இறங்கணும். குனிஞ்சா முதுகு தெரியக் கூடாது."

போட்டுக்கொண்டேன். மின்விசிறி சுழன்றுகொண்டிருந்த அந்தக் கடையில், அந்த வெயிலில், ஓர் ஆட்டுக்குள் புகுந்துகொண்ட உணர்ச்சி ஏற்பட்டது. சந்தில் போன இருவர் நின்று பார்த்தார்கள். ஒருவர் தமது கூடையை இறக்கி வைத்துவிட்டே பார்த்தார்.

அளவு நாற்பது. கண்ணாடியில் விமானப் படையில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் தெரிந்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"நாப்பத்தினாலு எடுங்க சாமி" என்றார் பாய்.

"என் அளவு நாற்பது."

"உங்க அளவு நாப்பதுதான். உள்ளாற ரெண்டு ஸ்வெட்டர் போடுவீங்களே, அதுக்கு?"

நாற்பத்துநான்கைப் போட்டுப் பார்த்தேன். அதிகாரி மறைந்து, அவருடைய ஆடையை இரவல் வாங்கியவர் தோன்றினார்.

"தொங்குகிறது."

"குளிருக்குப் போடுறது சாமி. கல்யாணத்துக்கு இல்ல."

ஆயினும் நாற்பதையே வாங்கினேன். பாய் வற்புறுத்தவில்லை. "வேர்வை படாம வெச்சுக்குங்க. வேணும்னா மாத்திக்கலாம்."

"நான் மாற்றுபவன் அல்லன்."

"இன்ஷா அல்லாஹ், பாப்போம்" என்றார்.

வீட்டுக்குள் கொண்டுபோக முடியாதாகையால் ஜெர்கின் அவர் கடையிலேயே தங்கியது. 'புரொபசர் சாமி' என்று ஒரு சீட்டு எழுதி அதன் காலரில் குத்தி வைத்தார்.

நான்கு நிமிடங்கள்

திருச்சியில் குளிரை எங்கே தேடுவது? என் பழைய மாணவன் செல்வராஜ் நினைவுக்கு வந்தான். லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். செய்முறை வகுப்பில் வெப்பமானியை உடைத்ததற்காக அவனை ஒரு வாரம் வெளியே நிறுத்தியிருக்கிறேன். இன்று அரியமங்கலத்தில் குளிர்பதனக் கிடங்கு நடத்துகிறான். உடைத்த வெப்பமானிக்குப் பதிலாக இருபது வெப்பமானிகளைச் சுவரில் மாட்டியிருக்கிறான்.

கடையிலிருந்து ஜெர்கினை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனேன். விஷயத்தைக் கேட்டதும் அவன் சிரிக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவனுடைய பழைய குற்றங்களை மன்னித்தேன்.

"சார், பேன்ட் எடுத்துட்டு வரலீங்களா?"

"எதற்கு?"

"உள்ள மைனஸ் இருபது சார். சாக்ஸாச்சும் தரட்டுங்களா?"

"சோதனை ஜெர்கினுக்குத்தானே, செல்வராஜ். காலுக்கு அன்று."

ஓய்வு பெற்ற நாளோடு பேன்ட்டைத் துறந்தவன் நான். ஸ்ரீரங்கத்தில் பிறந்தவனுக்கு ஆடை என்றால் இடுப்புக்கு மேலேதான் யோசனை ஓடும். கீழே வேஷ்டி என்பது யோசிக்கப்பட வேண்டிய பொருளே அன்று, அது உடம்பின் ஒரு பகுதி. அந்த உடம்புப் பகுதியோடும் ரப்பர் செருப்போடும் உள்ளே போனேன். வெளியே கண்ணாடிச் சாளரத்தின் வழியாகச் செல்வராஜ் கைப்பேசியில் படம் பிடித்தபடி நேரம் பார்த்தான்.

முதல் நிமிடம் சுகமாக இருந்தது. திருச்சியில் பிறந்த எவருக்கும் இருக்கும்.

இரண்டாம் நிமிடம் மூக்குக்கண்ணாடி வெளுத்தது. திருமண் நெற்றித் தோலை இழுத்துப் பிடித்தது. இறுக்கமான ஜெர்கின் முதுகோடு ஒட்டிக்கொண்டு, வெளியிலிருந்த குளிரை அப்படியே உள்ளே ஒப்படைத்தது. மூன்றாம் நிமிடம் வேஷ்டிக்கு யாரோ கஞ்சி போட்டது போலிருந்தது. மடிப்புகள் விறைத்து, நடந்தால் தகரம்போல் முழங்காலில் இடித்தன. தரையிலிருந்து எழுந்த குளிர் வேஷ்டிக்குள் கேட்பாரின்றி ஏறியது.

நான்காம் நிமிடம் நெஞ்சில் பழைய இளைப்பு ஒரு முறை விசில் அடித்தது. கதவைத் தட்டினேன். கதவு பூட்டப்பட்டிருக்கவில்லை. அதை உள்ளிருந்தே தள்ளலாம் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

செல்வராஜ் டீ வரவழைத்தான். நான் பாதி குடித்த பிறகு, "சார், ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்றான்.

"சொல்."

"கோட்டு சூடு தராது, சூடு உடம்புல இருக்கு, கோட்டு காத்தைப் பிடிச்சு வெச்சு அந்தச் சூட்டை வெளிய விடாம பாத்துக்கும்னு நீங்கதான் நடத்துனீங்க. இந்த ஜெர்கின்ல காத்துக்கு இடமே இல்லீங்களே சார்."

நான் டம்ளரைப் பார்த்தேன்.

"வேஷ்டில காத்து இருக்குங்க சார். ஆனா நிக்க மாட்டேங்குது."

இவனுக்குச் செய்முறைத் தேர்வில் நான் எத்தனை மதிப்பெண் போட்டேன் என்பது நினைவில்லை. குறைத்துப் போட்டுவிட்டேன் என்று தோன்றியது.

வாடகைக் காரில் திரும்பும்போது ஒரு கணக்கு மனத்தில் ஓடியது. நான்கு நிமிடம் என்றால், விமான நிலைய வாசலிலிருந்து கார் நிற்கும் இடம்வரைகூடப் போதாது. வேதா கனடாவில் பட்டம் வாங்கியபோது நான் போகவில்லை. சங்கத் தேர்தல் இருந்தது. அவள் வீடு வாங்கிக் குடிபோனபோதும் போகவில்லை. வீதியில் சாக்கடை வேலை. இரண்டும் குளிர்காலத்தில் வந்தன. தேர்தலும் சாக்கடையும் நான் இல்லாமலே நடந்திருக்கும். இதை இதுவரை நான் எழுதியதில்லை. எழுதிவிட்டேன், மேலே செல்வோம்.

இரண்டாம் முறை

கமால் பாய் நாற்பதைத் திரும்ப வாங்கிக்கொண்டு நாற்பத்துநான்கைக் கொடுத்தார். 'அப்பவே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டு ஆறுதலடைந்திருப்பேன். அவர் சொல்லவில்லை. சீட்டை எடுத்துப் புதிய காலரில் குத்தினார். பிறகு என் வேஷ்டியைப் பார்த்து, "கீழ என்ன சாமி போடுவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

கம்பளி உள்ளாடை, தளர்வான பேன்ட், இரண்டு ஸ்வெட்டர், இரண்டு ஜோடி காலுறை. செல்வராஜின் தொழிலாளி ஒருவர் தம் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அதே அறை, அதே ஐஸ்கிரீம்.

பன்னிரண்டாம் நிமிடத்தில் கால்விரல்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தேன், இருந்தன. பதினைந்தில் அலுப்புத் தட்டியது. சுவரோரம் நடந்து பெட்டிகளின் மேல் எழுதியிருந்ததைப் படித்தேன். நெஞ்சு சத்தம் போடவில்லை. இருபது முடிந்ததும் செல்வராஜ் சாளரத்தில் கட்டைவிரலை உயர்த்தினான். அவன் கைப்பேசி சற்று முந்தி ஓடக்கூடும் என்பதால் மேலும் இரண்டு நிமிடம் நின்றேன்.

படத்தை அவன் வேதாவுக்கு அனுப்பினான். அத்தோடு நின்றிருந்தால் இந்த அத்தியாயம் இங்கே முடிந்திருக்கும். குருபக்தி மேலிட்டு, தன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினான், 'எழுபத்திரண்டு வயதிலும் எங்கள் சார்' என்ற தலைப்போடு. எதை அனுப்பினான் என்றால், வேஷ்டியோடு நின்ற முதல் படத்தை. அதில்தான் நான் நன்றாகத் தெரிகிறேனாம்.

அன்று மாலை வேதா அழைத்தாள். அதற்குள் யார் வழியாகவோ முதல் படமும் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"அப்பா, எதுக்குப்பா வேஷ்டியோட போனேள்?"

"அது முன்னோட்டம்."

 

"எத்தனை நாள் இருப்பேள்?" என்று கேட்டாள். குரல் தெளிவாக இல்லை.

"எத்தனை நாள் இருக்கச் சொல்கிறாயோ, அத்தனை நாள்."

"சரி. டிக்கெட் போடறேன்."

அவசரக் கூட்டம்

படம் மூன்று நாளில் கொள்ளிடக் கரைவரை போய்த் திரும்பியது. வரதன் அவசரக் கூட்டம் கூட்டினார். சாதாரணக் கூட்டத்துக்கு ஏழு பேர் வருவார்கள். அன்று மண்டபத்தில் இடமில்லை. படத்தில் என் தலைக்குப் பின்னால் கிடங்கின் விவரப் பலகை விழுந்திருந்தது. ஐஸ்கிரீம், பட்டாணி, கோழி, இறால். வரதன் அதைக் கூட்டத்தில் இருமுறை வாசித்தார், இரண்டாம் முறை கடைசி இரண்டு சொற்களை மட்டும்.

"தலைவரே தோல் தரிச்சு மாமிசக் கிடங்குல நின்னா, வாசல்ல பலகை எதுக்கு?" என்றார்.

"பலகையை வாசியுங்கள்" என்றேன்.

"தோல் பொருள்களுடன் உள்ளே வரலாகாது."

"நான் அதனுடன் உள்ளே வந்தேனா?"

"ஆத்துல வெச்சிருக்கேளே."

"இல்லை. பாலக்கரையில் இருக்கிறது. காலரில் என் பெயர் எழுதியிருக்கிறது. போய்ப் பார்த்துக்கொள்ளலாம்."

எவரும் எழுந்திருக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர், அது கிடக்கட்டும், ஊரெல்லாம் ஸ்ரீரங்கத்துக்கு வருகிற வைகுண்ட ஏகாதசிச் சமயத்தில் தலைவர் ஊரில் இல்லாவிட்டால் வீதி என்ன ஆவது என்று கேட்டார். அது வரதன் சொல்லிக்கொடுத்த கேள்வி என்றாலும், நல்ல கேள்வி.

"பெருமாள் பார்த்துக்கொள்வார்" என்றேன். "இதுவரையிலும் அவர்தான் பார்த்துக்கொண்டார். நான் தடுப்புக் கட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்."

வரதன் ஒரு ராஜினாமாக் கடிதத்தைத் தட்டச்சு செய்து தயாராகக் கொண்டுவந்திருந்தார். நடை சரியில்லை. நானே வேறொன்று எழுதி, கையொப்பமிட்டு, அவரிடமே கொடுத்தேன். அவர் தலைவர் பதவிக்கு அன்றே போட்டியின்றித் தேர்வானார்.

அந்த மார்கழியில், வாயிற்படியெல்லாம் வெளியூர்க்காரர் கூட்டம் நிறையத் தொடங்கியிருந்த ஒரு காலையில், நான் எதிர்த் திசையில் கிளம்பினேன். கார் பாலக்கரையில் ஒரு முறை நின்றது. பாய் ஜெர்கினைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, "நல்லபடியா போய்ச் சேருங்க சாமி. பேரப்புள்ளைக்கு துவா செய்றேன்" என்றார். அங்கிருந்து நேரே விமான நிலையம்.

வின்னிபெக்கில் வாசல் கதவு திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. மைனஸ் இருபத்தேழு என்றார் மாப்பிள்ளை, தாமே தயாரித்தவர் போல. காரை வாசலுக்குக் கொண்டுவருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். வீட்டில் வேதா கதவைத் திறந்தாள். வயிறு முன்னே வர, அவள் பின்னே வந்தாள். என் ஜெர்கின் கையைத் தொட்டுப் பார்த்து, "பெரிசா இருக்கேப்பா" என்றாள். இருக்க வேண்டும் என்றேன். பதினோராம் நாள் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் வேதாவை நான் பார்த்துக்கொண்டேன். கோமளா குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். என்னை யாரும் பார்த்துக்கொள்ள நேரவில்லை.

இதைப் பற்றி உலவும் செய்திகளுக்கு என் பதில். நான் நின்ற அறையில் கோழியோ இறாலோ இல்லை. அவை அடுத்த அறையில் இருந்தன. என்னை இருவர் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததாகச் சொல்வது தவறு. இரண்டு முறையும் நடந்தே வந்தேன். ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு அலமாரியில் தோல் ஜெர்கின் ஒளித்து வைக்கப்பட்டிருப்பதாகத் தலைவர் வரதன் இன்றும் சொல்லிவருகிறார். அது காவிரிப் பாலத்தைத் தாண்டி வடக்கே வந்ததே இல்லை. வின்னிபெக்கில், என் மகள் வீட்டு வாசற்கதவை ஒட்டிய கொக்கியில் மாட்டியிருக்கிறது. மூன்று குளிர்காலங்களாக நான்தான் அங்கே போய் அதைப் போட்டுக்கொள்கிறேன்.